மார்க் இல்லாத வீட்டில் வளர்ச்சியை எதை வைத்துப் பார்ப்பது?

தளர்வான வீட்டுக்கல்வியில் மணி அடிப்பதில்லை, பருவத்தேர்வு இல்லை, ரேங்க் கார்டும் இல்லை. காலையில் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு. மற்ற நேரமெல்லாம் குழந்தையின் போக்கில். இப்படி மூன்று நான்கு மாதம் ஓடியபின் ஏதோ ஒரு ராத்திரி பெற்றோருக்குச் சந்தேகம் வந்துவிடும்: இவள் நிஜமாகவே ஏதாவது கற்றுக்கொண்டிருக்கிறாளா, இல்லை நாம்தான் நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமா? மறுநாளே அதே வயதுப் பள்ளிப் பிள்ளையின் புத்தகத்தை இரவல் வாங்கிப் பத்துக் கேள்வி கேட்பார்கள். ஏழு தெரியாது. அன்றோடு தளர்வு போய்விடும்.

பெரும்பாலும் அந்தக் குழந்தை கற்றுத்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நிலையின் பதிவு இருக்காது, அவ்வளவுதான். தினமும் பக்கத்திலேயே இருப்பவர் கண்ணுக்குக் குழந்தை உயர்வது தெரியாது; சுவரில் போட்ட பென்சில் கோடுதான் சொல்லும். படிப்புக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும். அதை எதைக் கொண்டு போடுவது என்பதில் வழிகள் பல உண்டு. எல்லாமே எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

ஒப்பிட மூன்று கேள்விகள் போதும். இந்தப் பதிவை வாசிக்கப்போவது யார்: நீங்களா, குழந்தையா, கல்வி அதிகாரியா, நாளை சேரப்போகும் பள்ளியா? ஒரே வேலையைக் குழந்தை அன்று எப்படிச் செய்தது, இன்று எப்படிச் செய்கிறது என்று அருகருகே வைத்துக் காட்டுமா? பதிவு செய்கிற வேலையே குழந்தையின் ஆர்வத்தைக் கெடுக்குமா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பார்ப்பதற்கு நன்றாக இருக்கிற பல முறைகள் தோற்றுப்போகின்றன.

கவனிப்பு நோட்டு

ஒரு சாதாரண நோட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பகுதி. வாரத்தில் மூன்று நாள், ஆளுக்கு இரண்டு மூன்று வரி. ஐந்து நிமிட வேலை. தளர்வான வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். இதற்காகக் குழந்தை எதையும் தனியாகச் செய்துகாட்ட வேண்டியதில்லை. நடக்கிறதைப் பார்த்து எழுதினால் போதும்.

எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. ‘இன்று கணக்கு நன்றாகப் போட்டாள்’ என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று எழுத வேண்டும். 8+5 என்ற ஒரே கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எட்டுக் கூழாங்கல், ஐந்து கூழாங்கல் வைத்து ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணுவாள். பிறகொரு நாள் எட்டை மனதில் வைத்துக்கொண்டு விரலில் 9, 10, 11, 12, 13 என்று போவாள். இன்னொரு நாள், ‘எட்டுக்கு ரெண்டு குடுத்தா பத்து, மிச்சம் மூணு’ என்பாள். மூன்று முறையும் விடை 13. விடையை மட்டும் குறித்தவருக்கு இத்தனை மாதமாக ஒன்றுமே நடக்கவில்லை. வழியைக் குறித்தவருக்கு மூன்று படிகள் தெரியும்.

இன்னொன்று, உதவியின் அளவு. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள்: ‘சே’ என்றால் சேர்ந்து செய்தது, ‘கு’ என்றால் ஒரு குறிப்புக் கொடுத்ததும் செய்தது, ‘தா’ என்றால் தானாகச் செய்தது. ஒரே வேலை சே-யிலிருந்து கு-வுக்கும், கு-விலிருந்து தா-வுக்கும் நகர்வதுதான் வளர்ச்சி. குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் பெரியவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி சொன்னதை ஓர் எழுத்தில் எழுதி வைக்கிற ஏற்பாடு இது. புதிய பாடம் எதுவும் தொடங்காத மாதத்தில்கூட இந்த எழுத்துகள் மாறிக்கொண்டிருக்கும். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று தோன்றுகிற மாதங்களை அது காப்பாற்றும்.

கெட்டுப்போகிற விதங்களும் தெரிந்தவைதான். முதல் பத்து நாள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மூன்றாம் வாரம் நோட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மூன்று வரிக்கு மேல் எழுதக் கூடாது என்று முதல் நாளே வைத்துக்கொண்டால் நீடிக்கும். குழந்தையின் கண்ணெதிரே எழுதினால் அது நடிக்கத் தொடங்கும், அல்லது செய்வதை நிறுத்திவிடும், ராத்திரி எழுதுங்கள். கலகலவென்று பேசுகிற பிள்ளையின் பக்கம் நிரம்பும், வாய் திறக்காத பிள்ளையின் பக்கம் காலியாக இருக்கும். வாரக் கடைசியில் காலிப் பக்கம் யாருடையது என்று பார்த்து, அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான். எழுதச் சோம்பலாக இருக்கிறது என்று போனில் குரல் பதிவு செய்கிறவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் அந்த வாரமே ஒரு வரியாக நோட்டில் ஏற்றவில்லை என்றால் அதை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை.

இந்த நோட்டின் குறை ஒன்று: எழுதுகிறவர் பெற்றோர் என்பதால் வெளியாள் இதை அவ்வளவாக நம்ப மாட்டார். உங்கள் கண்ணுக்கு எது பிடிக்குமோ அதுதான் பதிவாகும். அதற்குத்தான் அடுத்தது.

தேதி போட்ட ஃபைல்

குழந்தை செய்ததையே எடுத்து வைப்பது. போர்ட்ஃபோலியோ என்று பெரிய பெயர் உண்டு. ஒரு ஃபைலும் பேனாவும் இருந்தால் ஆயிற்று. நோட்டு உங்கள் சாட்சி என்றால் ஃபைல் குழந்தையின் சாட்சி. அதிகாரியோ பள்ளியோ கேட்டால் இதுதான் பேசும்.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன உதாரணம். ‘கொக்கு பறந்தது’ என்று எழுதச் சொல்கிறோம். முதல் தடவை குழந்தை எழுதுவது: ‘ககு பறது’. நான்கு மாதம் கழித்து: ‘கெகு பறந்தது’. இன்னும் நான்கு மாதம் கழித்து: ‘கொக்கு பரந்தது’. சிவப்புப் பேனா பிடித்துத் திருத்தினால் முதலாவதில் இரண்டு சொல்லும் தப்பு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு சொல் தப்பு. மதிப்பெண்ணில் பின்னிரண்டும் சமம். ஆனால் முதலாவதில் ‘கொ’வின் உயிர்க்குறி இல்லை, ஒற்று இல்லை, நடுவில் வரும் ஒலியே விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதில் கொம்பு வந்துவிட்டது, கால் இன்னும் வரவில்லை. மெல்லினம் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவதில் எல்லா ஒலியும் எழுத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது ரகர றகரம் மட்டும். அது காது பிடிக்கிற விஷயமில்லை, நிறைய வாசித்துக் கண்ணில் பதிய வேண்டியது. ஆகவே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இந்த மூன்று தாள்களில் இருக்கிறது: இனி சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியைக் குறைத்துவிட்டு வாசிப்பைக் கூட்டலாம்.

கொம்பு விஷயத்தில் ஒரு பொறுமை வேண்டும். ‘கெ’ என்பதில் காதுக்கு மெய் முதலில் வருகிறது, உயிர் பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பை முன்னால் போடச் சொல்கிறோம். குழந்தை அதைப் பின்னால் போட்டால், ஒலியின் வரிசையைச் சரியாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒப்பிட வேண்டுமானால் ஒரே வேலை திரும்பத் திரும்ப வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே நான்கு: தன்னைத் தானே வரைவது, ஒரு கதை சொல்லி அதில் சில வரி எழுதுவது, ஐந்தாறு கணக்குகளை வழியோடு போடுவது, ஒரு பக்கம் வாசித்து ஒலிப்பதிவு. நான்கையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பரீட்சை வாசனை வந்துவிடும். ஒரு வாரத்தில் பரப்பி, மற்ற வேலைகளுக்கு நடுவே விட்டுவிட்டால் குழந்தைக்கு அது இன்னொரு நாள்தான்.

இவை போக, மாதத்துக்கு மூன்று தாள்: ஒன்று குழந்தை எடுத்துத் தருவது, ஒன்று நீங்கள் எடுப்பது, ஒன்று சரியாக வராதது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அழகானவற்றை மட்டும் சேர்த்த ஃபைல் கண்காட்சிக்கு ஆகும், வளர்ச்சியைக் காட்டாது. தொடக்கமே உச்சியில் இருந்தால் ஏற்றம் எங்கே தெரியும்? கட்டுரை எழுதுகிற வயதில் திருத்திய பிரதியோடு முதல் பிரதியையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் ஐந்து விஷயம்: தேதி, வயது (வருடமும் மாதமும்), யாருடைய யோசனை, உதவி எழுத்து (சே, கு, தா), எவ்வளவு நேரம். இது இல்லாத தாள் ஒரு வருடம் கழித்து வெறும் தாள். கட்டை அடுக்கியது, மண்ணில் செய்தது, பிரித்துப் பூட்டிய சைக்கிள் போன்றவற்றுக்குப் போட்டோதான் வழி. போட்டோவில் அளவு தெரிய ஒரு ஸ்கேலை வையுங்கள். கோப்பின் பெயரை வருடம்-மாதம்-நாள் என்று தொடங்குங்கள், 2025-03-14 என்பதுபோல. அப்படி வைத்தால் தானாகக் கால வரிசையில் நிற்கும். போனில் இரண்டாயிரம் படங்கள் கிடப்பது ஃபைல் ஆகாது. மாதக் கடைசியில் இருபது நிமிடம் உட்கார்ந்து பத்துப் படத்தை வேறு இடத்துக்கு மாற்றினால்தான் ஃபைல்.

வாய்விட்டு வாசிப்பதைக் குறித்தல்

வாசிப்பு ஒன்றுக்கு மட்டும் இதைவிடத் துல்லியமான கருவி வீட்டில் கிடையாது. நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் மேரி கிளே வடிவமைத்தது. குழந்தை இதுவரை பார்க்காத ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் அதன் நகல். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு டிக். வேறு சொல்லாக வாசித்தால் அதை மேலே எழுதுங்கள். விட்டுவிட்ட சொல்லுக்குக் கோடு. தானே திருத்திக்கொண்டால் ‘தி’. அது தவறில் சேராது. திக்கி நின்றால் சில விநாடி பொறுத்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். அது தவறில் சேரும். 120 சொல்லில் ஒன்பது தவறு என்றால் சரியானவை 111, அதாவது 92.5 சதவீதம். 95 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தப் புத்தகம் தனியாக வாசிக்க ஏற்றது. 90 முதல் 94 வரை துணையோடு வாசிக்க ஏற்றது. 90-க்குக் கீழே போனால் இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. இந்த எல்லைகள் ஆங்கில வாசிப்பை வைத்து வந்தவை. நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே போகிறவை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் கணக்கில் ஒரு சொல்தான். அதனால் 60 முதல் 100 சொல் வரை உள்ள பகுதியே போதும். சதவீதத்தைவிடத் தவறின் இனத்தைப் பாருங்கள். ‘இல்லம்’ என்றிருப்பதை ‘வீடு’ என்று வாசிக்கிற குழந்தை பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விடுகிறது. ‘படம்’ என்பதை ‘பாடம்’ என்று வாசித்துவிட்டு நிற்காமல் போகிற குழந்தை பொருளையே விட்டுவிட்டது. இரண்டும் தலா ஒரு தவறு. மருந்து வேறு வேறு. தானே திருத்துகிற ‘தி’ கூடிக்கொண்டே வந்தால், சதவீதம் நகராவிட்டாலும் குழந்தை தான் வாசிப்பதைத் தானே கேட்கத் தொடங்கிவிட்டது.

முடிந்ததும் ‘என்ன நடந்துச்சு, சொல்லு’ என்று ஒரு கேள்வி. சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு. சதவீதம் அதைக் காட்டாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் போதும். வாரா வாரம் செய்தால் வாசிப்பது என்றாலே யாரோ பேனாவோடு உட்கார்வது என்றாகிவிடும். சரளமாக வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு இந்தக் கருவியை நிறுத்திவிடலாம்.

‘எப்படிக் கண்டுபிடிச்ச?’

பதிவே வேண்டாம், பேசிப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி சரி. தாளில் தெரியாத ஒன்றைப் பேச்சு வெளியே கொண்டுவரும். பத்து வயதுப் பிள்ளையிடம் 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 35 என்பது 5-ஐவிடப் பெரிது என்று நினைப்பவர் 0.35 என்பார், தப்பு என்று உடனே தெரிந்துவிடும். 0.5 என்று சரியாகச் சொல்கிறவர்களிலும் ஒரு சாரார், ‘பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, ஆகவே இலக்கம் குறைவாக இருப்பதுதான் பெரிய எண்’ என்ற தப்பான விதியை வைத்துக்கொண்டு சரியான விடைக்கு வந்திருப்பார்கள். 0.2, 0.73 என்று இன்னொரு ஜோடி கொடுத்தால் அவர்கள் 0.2 என்பார்கள், முதல் சாரார் இங்கே சரியாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஜோடியும் கொடுத்து, ‘எப்படி?’ என்றும் கேட்டால்தான் யாருக்குப் புரிந்திருக்கிறது என்று தெரியும்.

அந்த ‘எப்படி?’யை விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தப்பானால் மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே விடையை மாற்றிச் சொல்லக் குழந்தை பழகிக்கொள்ளும். இன்னொரு தந்திரம்: நீங்களே வேண்டுமென்று தப்பாகப் போடுவது. பிள்ளை பிடித்துவிட்டால் அந்த இடம் புரிந்துவிட்டது. தம்பிக்கோ தங்கைக்கோ விளக்கச் சொல்வதும் அப்படித்தான்; தனக்குப் புரியாத இடத்தில் விளக்குகிறவர் தானாகவே மழுப்புவார்.

பேச்சின் பலவீனம், அது காற்றோடு போய்விடும் என்பது. நோட்டில் ஒரு வரி ஏறினால்தான் மூன்று மாதம் கழித்துப் பயன்படும். அளவும் முக்கியம்: ஒரு நாளைக்கு ஒரு கேள்விக்கு மேல் போனால் விசாரணை. சாப்பாட்டு நேரமெல்லாம் வினாடி வினா ஆகிவிட்ட வீட்டில் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததையே சொல்லாமல் ஒளிப்பார்கள்.

செக்லிஸ்ட்

வகுப்பு வாரியான திறன் பட்டியலை வைத்து டிக் அடிப்பது. பயந்துபோன பெற்றோர் முதலில் கை வைப்பது இதில்தான். தளர்வான வீட்டை மூன்றே வாரத்தில் பள்ளிக்கூடமாக்குவதும் இதுதான். வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. குழந்தையின் ஆர்வம் போகாத இடங்களை வேறு எதுவும் காட்டாது. கடிகாரம் பார்ப்பது, அளவு மாற்றுவது, பின்னம், வரைபடம் படிப்பது, முறையாக ஒரு கடிதம் எழுதுவது: நோட்டில் இவை வராமலே இரண்டு வருடம் ஓடிவிடும், யாருக்கும் தெரியாது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், பிள்ளைகள் தூங்கியபின். பட்டியலில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போடாமல் மூன்று போடுங்கள்: ‘பார்த்தேன்’ (தேதியோடு), ‘பார்க்கச் சந்தர்ப்பம் வரவில்லை’, ‘முயன்றும் வரவில்லை’. முதல் முறை செய்கிறவருக்கு நடுக் கட்டம்தான் நிரம்பும். பயத்தில் ‘தெரியாது’ என்று நினைத்திருந்ததில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேரும். அதற்கு மருந்து பாடம் நடத்துவது அல்ல, சந்தர்ப்பம் உண்டாக்குவது: மேசையில் ஒரு வரைபடம், கையில் ஓர் அளவு நாடா. மூன்றாவது கட்டத்தில் இருப்பதுதான் உண்மையான வேலை; அது வழக்கமாக நான்கைந்துக்கு மேல் இருக்காது.

டிக் அடிப்பதற்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்த்திருக்க வேண்டும், அதில் ஒரு முறையாவது கற்றுக்கொண்ட இடத்துக்கு வெளியே நடந்திருக்க வேண்டும். பயிற்சித் தாளில் பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு அறைக்கு எத்தனை ஓடு வேண்டும் என்று கணக்கிடத் தோன்றவில்லை என்றால் டிக் இன்னும் ஆகவில்லை.

பட்டியலைச் சுவரில் ஒட்டி ஸ்டிக்கர் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். உளவியலாளர் மார்க் லெப்பரும் இன்னும் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, தந்தார்கள். பிறகு பரிசில்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களின் நேரத்தில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆர்வத்தையே முதலாக வைத்து நடக்கிற வீட்டில் இது கைமுதலையே கரைக்கிற வேலை.

டெஸ்டும் ஆப்பும்

சட்டம் கேட்டால், அல்லது ஒரு வருடத்துக்குள் பள்ளியில் சேரப்போகிறார்கள் என்றால் டெஸ்ட். மற்றபடி அவசரம் இல்லை. இடத்துக்கு இடம் சட்டம் மாறும்: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு 3, 5, 8-ஆம் வகுப்பு நிலையில் தேர்வும், வருடா வருடம் போர்ட்ஃபோலியோ மதிப்பீடும் உண்டு; இங்கிலாந்தில் தேர்வு எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஊர் விதியை மூலத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

முடிவுத் தாளைத் தப்பாகப் படிப்பதுதான் அதிகம் நடக்கிறது. பெர்சென்டைல் 60 என்றால் நூற்றுக்கு அறுபது மார்க் அல்ல. ஒப்பிட எடுத்துக்கொண்ட நூறு பேரில் சுமார் அறுபது பேருக்கு மேலே என்று பொருள். மூன்றாம் வகுப்பு வயதுப் பிள்ளைக்கு ‘ஐந்தாம் வகுப்பு நிலை’ என்று வந்தால், மூன்றாம் வகுப்புத் தாளை ஒரு சராசரி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்வதுபோலச் செய்திருக்கிறது, அவ்வளவே. ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. வாசிப்பு இன்னும் நிலைப்படாத குழந்தைக்கு எழுத்துவழிக் கணக்குத் தேர்வு கணக்கை அளக்காது; வாசிப்பைத்தான் இரண்டாம் முறை அளக்கும். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பியே பழகாத பிள்ளையின் முதல் தேர்வில் அந்தப் பழக்கமின்மையும் சேர்ந்தே அளக்கப்படும். அதனால் முன்னதாக இரண்டு மாதிரித் தாள், ஒன்று நேரம் வைக்காமல், ஒன்று நேரம் வைத்து.

முடிவைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. எண் வந்துவிட்டால் கண் அதில்தான் நிற்கும். எண்ணை உங்களோடு வைத்துக்கொண்டு, ‘இந்த மாதிரிக் கணக்கு இன்னும் பிடிபடல, சேர்ந்து பார்ப்போம்’ என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கற்றல் ஆப்கள் காட்டும் சதவீதப் பட்டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது எத்தனை முறை தட்டினார்கள் என்பதையும் அளக்கிறது. நான்கு விடையில் ஒவ்வொன்றாகத் தட்டி நாலாவதில் சரி செய்கிற பிள்ளைக்கும் பட்டை நகரும்.

எந்த வீட்டுக்கு எது

ஏழு வயதுக்குக் கீழே, வெளியார் யாரும் கேட்கப்போவதில்லை என்றால் நோட்டு மட்டும் போதும். சேர்க்க ஆசையிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு ஓவியம். ஏழிலிருந்து பதினொன்று வரை நோட்டும் ஃபைலும் இணைந்து ஓட வேண்டும். வாசிப்பு நிலைப்படும் வரை ஆறு வாரக் குறிப்பும். மூன்று நான்கு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நோட்டை வாரம் மூன்று நாள் காப்பாற்ற முடியாது. அங்கே ஃபைல்தான் முதுகெலும்பு, நோட்டு வாரத்துக்கு ஆளுக்கு ஒரு வரி. பெற்றோர் இருவரில் ஒருவருக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை என்றால் நோட்டைக் காட்டி வாதாடிப் பயனில்லை. எட்டு மாத இடைவெளியில் எழுதிய இரண்டு தாள்களை மேசையில் அருகருகே வையுங்கள். எழுதவே பிடிக்காத பெற்றோர் ஒலிப்பதிவையும் போட்டோவையும் வைத்து ஓட்டலாம், மாதக் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் விடாமல். பள்ளிக்குப் போகும் எண்ணம் இருந்தால், சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே செக்லிஸ்டை எடுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் எடுத்தால் எல்லாரும் அழுவார்கள்.

எதை எடுத்தாலும் வாராவாரம் ஓடுவது இரண்டைத் தாண்ட வேண்டாம். எல்லா முறையையும் ஒன்றாகத் தொடங்கிய வீட்டில் மூன்றாம் மாதம் ஒன்றுகூட நிற்பதில்லை.

தேக்கமா, தடையா?

தளர்வான வழியின் நிஜமான பலவீனம், பிரச்சினை தாமதமாகத் தெரிவது. ‘தன் நேரத்தில் வரும்’ என்ற வாசகம் பல சமயம் உண்மை; சில சமயம் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறது. ஒரே படக்கதையை நான்கு மாதம் திரும்பத் திரும்ப வாசிக்கிற பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். சரளம் அப்படித்தான் வருகிறது. குழந்தை அக்கறையோடு முயன்றும் உதவி எழுத்து மூன்று மாதமாக ‘சே’யிலேயே நின்றால் கற்பிக்கும் வழியை மாற்றுங்கள். மாற்றியும் நகரவில்லை என்றால் முதலில் கண், காது பரிசோதனை. வாயால் சொன்னால் எல்லாம் புரிகிறது, கதை அருமையாகச் சொல்கிறது, ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது தேதி போட்ட ஃபைலையும் வாசிப்புக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்; மதிப்பீடு செய்பவருக்கு அவை ஆறு மாதக் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். முன்பு தெளிவாக இருந்த பேச்சோ திறனோ குறையத் தொடங்கினால், எந்த நோட்டையும் புரட்ட வேண்டாம், நேரே மருத்துவரிடம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் பேனா கைமாற வேண்டும். மாதம் ஒரு முறை பிள்ளையே எழுதட்டும். ‘இந்த மாதம் என்ன கத்துக்கிட்ட?’ என்று கேட்டால் ‘நிறைய’ என்று ஒரு சொல் வரும். ‘போன மாதம் உன்னால முடியாத, இப்ப முடியற ஒண்ணு என்ன? அதுக்கு இந்த ஃபைல்ல எந்தத் தாள் சாட்சி?’ என்று கேளுங்கள். முதல் இரண்டு மாதம் தாளைத் தேடவே அரை மணி ஆகும். மூன்றாம் மாதத்திலிருந்து தாளின் பின்பக்கத்தில் தேதியைத் தானே போட்டு வைக்கத் தொடங்கும்.